கேட்டும் எடுக்காத டவர்

துறைமுகத்தில் இறங்கி "டவரக்கா வீடு எது?" என்று கேட்டால் ஐஸ் உடைக்கிறவன்கூடக் கையை நீட்டி வழி காட்டிவிடுவான். அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் தலையைச் சொறிவான். துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் குன்றின் உச்சியில் ஒரு செல்போன் டவர் நிற்கிறது. மின்சாரம் போனால் அதன் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவது, வேலிக்குள் முளைக்கும் புல்லை அறுப்பது, ஆடுகளை விரட்டுவது, இன்ஜினியர் வந்தால் பூட்டைத் திறந்துவிடுவது எல்லாம் அவள் வேலை. ஒப்பந்தக்காரனின் காகிதத்தில் 'பாதுகாவலர்' என்று போட்டிருக்கிறது. பாம்பு திரியும் இடத்துக்குப் போகிற பாதுகாவலருக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கித் தரவேண்டும் என்று எட்டு வருடமாக எந்த மகராசனுக்கும் தோன்றவில்லை.

வேலிக்குள் பீரோ அளவில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று உண்டு. டவரின் மூளை அதற்குள்தான். பகல் முழுக்க ஒரே சுருதியில் ரீங்காரம் போடும். வேலையெல்லாம் முடிந்தபிறகு அந்தப் பெட்டியின் தகரத்தில் காதை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பதைச் சிலர் பார்த்திருக்கிறார்கள். பார்த்தவர்கள் கீழே வந்து சொன்னார்கள். கேட்டவர்கள் நெற்றிப் பொட்டில் விரலை வைத்துச் சுற்றிக் காட்டினார்கள்.

அவளுக்குப் பைத்தியம் இல்லை. ஒரே ஒரு கேள்விக்கு அவளுக்கு விடை தெரியவேண்டியிருந்தது. தன் கணவன் கடைசி நாளில் தன்னைக் கூப்பிட்டானா, இல்லையா?

குன்றின் மேல் டவர் எழும்பிய வருடம் துறைமுகமே போனும் காதுமாகத் திரிந்தது. அவளுடைய கணவன் அதில் முதல் ஆள். சுருட்டை முடி, அதனால் சுருட்டை என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். சின்ன மோட்டார் படகு, பெரிய வாய். கரையை விட்டுக் கிளம்பியதுமே போன் போட ஆரம்பித்துவிடுவான். கதவைப் பூட்டினாயா, அம்மா சாப்பிட்டாளா, இங்கே ஒரு பறவை படகில் வந்து உட்கார்ந்திருக்கிறது, நீ சொன்னால் நம்பமாட்டாய். அப்போது அவள் மீன் சுத்தம் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். இரண்டு கையும் ஐஸ் தண்ணீரில் முழங்கைவரை இருக்கும்போது இடுப்பில் போன் அலறும். மேற்பார்வையாளர் ஒருநாள் எல்லோர் முன்னாலும் அவளை வெளியே அனுப்பினார். "உன் புருஷனும் நீயும் கொஞ்சிக்கிறதுக்கு நான் மின்விசிறி போட்டு இடம் குடுத்திருக்கேனா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை அவன் கிளம்பும்போது அவள் வாசலில் நின்று சொன்னாள்:

"இங்க பாரு. கடலுக்குப் போனா எனக்குப் போன் பண்ணவே பண்ணாத. என்ன இருந்தாலும் வந்து நேர்ல பேசு."

"செத்துக்கித்துப் போனா?"

"அதையும் வந்து நேர்ல சொல்லு."

அவன் சிரித்துக்கொண்டேதான் போனான். துணைக்கு வருகிற ஆளுக்குக் காய்ச்சல் என்பதால் அன்று தனியாகப் போனான். சாயங்காலம் காற்று எழும்பியது. படகுகள் எல்லாம் திரும்பின, அவனுடையது தவிர. இரண்டு நாள் தேடி, படகை மட்டும் கண்டுபிடித்தார்கள். மோட்டாரின் மூடி கழற்றிப் போட்டிருந்தது. ஸ்பேனர்கள் இறைந்து கிடந்தன. ஆள் இல்லை.

கடைசியாக அவனைப் பார்த்தவன் அவனுடைய சிநேகிதன் நெட்டையன். பெரிய விசைப்படகு ஒன்றின் டிரைவர். ஐஸ் கொட்டகையில் எல்லோரும் சூழ்ந்து நின்று கேட்க அவன் சொன்னது இது:

"பாறைத் திட்டுக்கு அந்தாண்ட பார்த்தேன். நல்லாத்தான் இருந்தான். மேல ஏறி நின்னு போன்ல பேசிட்டிருந்தான். கை காட்டினான், நானும் கை காட்டிட்டு வந்துட்டேன். என் போன்லயும் மூணு கோடு சிக்னல் இருந்துச்சு."

இந்த வார்த்தைகளில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதுதான் கொடுமை. பொய் சொல்லியிருந்தால் என்றாவது ஒருநாள் பிடிபட்டிருக்கும்.

போனில் பேசினான் என்றால் யாரிடம் பேசினான்? பெண்டாட்டிக்கு வரவில்லை. அம்மாவிடம் அப்போது போன் கிடையாது. கொட்டகையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊர் வாய்க்கு உலை மூடி கிடையாது. ஒரு வாரத்தில் கதை முழுசாக வெந்துவிட்டது. மோட்டார் கெட்டுப்போனது, அவன் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டான், அக்கரையிலிருந்து அவளுடைய ஆட்கள் படகு கொண்டுவந்து ஏற்றிப் போய்விட்டார்கள். எந்தப் பெண்? அதுதான் யாருக்கும் தெரியாதே! தெரியாததனாலேயே அவள் சிவப்பாகவும் வசதியாகவும் இருந்தாள்.

அடுத்த சில மாதங்களில் இன்னொரு கதையும் கிளம்பியது. பாறைத் திட்டைத் தாண்டியதும் போனில் கோடு இருக்கும், ஆனால் கூப்பிட்டால் போகாது. ஒருவனுக்கு ஆயிற்று, பிறகு பத்துப் பேருக்கு ஆயிற்று. செத்துப்போன சுருட்டை அங்கேயே சுற்றுகிறான், வருகிற போகிற அழைப்பையெல்லாம் விழுங்குகிறான் என்றார்கள். அந்த இடம் வந்தாலே எல்லோரும் போனை அணைத்துவிடத் தொடங்கினார்கள். அணைக்காமல் போனால் அவன் குரல் கேட்குமாம்.

ஓடிப்போனவன் பேயாக முடியாது. பேயானவன் ஓடிப்போயிருக்க முடியாது. ஊர் இரண்டையும் ஒரே வாயால், ஒரே மூச்சில், வெட்கமில்லாமல் சொன்னது. அறிவைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு இரண்டு செருப்பும் ஒரே காலுக்குச் சரியாகத்தான் இருக்கும்.

ஊரை விடுங்கள். வீட்டுக்குள் இருந்த இரண்டு பெண்களுக்கும் அந்த இல்லாத பெண் தேவைப்பட்டாள். மாமியாருக்கு, மகன் உயிரோடு இருக்க அந்தப் பெண் இருந்தே ஆகவேண்டும். மருமகளுக்கோ வேறு கணக்கு. அப்படி ஒருத்தி இல்லையென்றால், அவன் யாருடனும் ஓடவில்லையென்றால், மூன்று கோடு சிக்னலை வைத்துக்கொண்டு அவன் தன்னைக் கூப்பிடாமல் இருந்ததற்கு ஒரே காரணம்தான் மிஞ்சும். கூப்பிடாதே என்று அவள் சொன்னாள்.

ஆக இருவரும் சேர்ந்து அந்தப் பெண்ணைப் பேணி வளர்த்தார்கள்.

"அவளாவது வேளாவேளைக்குச் சோறு போடுறாளோ என்னவோ" என்பாள் மாமியார், தட்டை நகர்த்திவிட்டு.

"போடாமலா அத்தை இத்தனை வருஷம் அங்கயே கிடக்காரு?"

"உன் வாய்க்கு அவளே தேவலைன்னு போயிருப்பான்."

"ஆமா, அவ ஊமையா இருப்பா."

இப்படிப் பேசிவிட்டுச் சாப்பிடுவார்கள். சிரிப்பும் உண்டு. அந்த வீட்டின் ஓரத்தில் மூன்றாவதாக ஒருத்தி உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். சில சமயம் மருமகள் குனிந்து பெருக்கும்போது அந்தப் பெண்ணின் காலுக்கு வழி விட்டுப் பெருக்குவாள். அப்படிச் செய்தது தெரிந்ததும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வெளியே வந்து நிற்பாள்.

டவர் வேலை காலியானபோது அவள்தான் ஓடிப்போய்க் கேட்டு வாங்கினாள். மீன் கூடத்தில் இருந்ததைவிடக் கூலி குறைவு. ஏன் போனாள் என்று கேட்டவர்களிடம், "ஐஸ் தண்ணி கைக்கு ஒத்துக்கல" என்றாள். உண்மை வேறு. அவன் கூப்பிட்டிருந்தால் அந்தக் குரல் இந்த இரும்பு வழியாகத்தான் வந்திருக்கவேண்டும். வந்ததா என்பது இந்தப் பெட்டிக்குத் தெரியும். ஒரு சாட்சியின் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்திருப்பதுபோல எட்டு வருடம் அந்தப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பெட்டி ரீங்காரம் மட்டும் போட்டது.

இந்த வருடம் புதிய நெட்வொர்க் வந்தது. லாரியில் வந்து இறங்கிய புதுப் பெட்டி பழையதில் கால்வாசிகூட இல்லை. அதைப் பொருத்த வந்த இன்ஜினியர் ஒரு பெண். நகரத்துக்காரி, கலகலப்பானவள். காலையில் துறைமுகத்தில் மீன் ஏலம் பார்க்கப் போய், ஈ ஓட்டக் கையைத் தூக்கி, ஒரு கூடை கணவாய் மீனுக்குச் சொந்தக்காரி ஆகிவிட்ட கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இன்று முதல் இரண்டு பெட்டியும் கொஞ்ச நாள் சேர்ந்து ஓடும், பிறகு பழையதை நிறுத்திவிடுவோம் என்றாள்.

டவரக்கா டீசல் கேனை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்:

"மேடம், இது வந்தா பேய்த் திட்டுல பேச முடியுமா?"

"எந்தத் திட்டு?"

அவள் கடலைக் காட்டிச் சொன்னாள். கோடு இருக்கும், கூப்பிட்டால் போகாது, அங்கே ஓர் ஆள் செத்துப்போய் அழைப்பை விழுங்குகிறான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த ஆள் யார் என்பதைச் சொல்லவில்லை.

இன்ஜினியர் சிரிக்கவில்லை. போனில் வரைபடத்தை எடுத்து, டவரிலிருந்து திட்டுவரை விரலால் அளந்தாள்.

"பேயெல்லாம் இல்லக்கா. முப்பத்தஞ்சு கிலோமீட்டர். திட்டு தாண்டினா அந்த எல்லை முடிஞ்சிடுது. பழைய நெட்வொர்க்குல அதுக்கு மேல எடுக்காது."

"சிக்னல் இருக்குதே?"

"இருக்கும். டவர் பேசுறது போனுக்குக் கேக்கும். குன்று மேல இருக்கு, நடுவுல மறைப்பே இல்ல, ரொம்ப தூரம் கேக்கும். அதைத்தான் கோடா காட்டுது. ஆனா போன் பேசுறது டவருக்கு நேரத்துக்குப் போய்ச் சேரணும்ல?" அவளுக்குச் சட்டென்று காலை ஏலம் நினைவுக்கு வந்தது. "ஏலக்காரர் என்ன பண்றாரு? இந்தக் கூடைக்கு ஒரு மூச்சு நேரம் குடுக்குறாரு. அதுக்குள்ள கேட்டாத்தான் கணக்கு. ஒருத்தர் ரொம்ப தூரத்துல நின்னு கத்துறாரு. அவர் சத்தம் வந்து சேர்றதுக்குள்ள அடுத்த கூடை வந்திடுது. அவர் குரல் இன்னொருத்தர் கூடை மேல விழுது. குழப்பம். அதனால ஏலக்காரர் தூரத்துக் குரலையே எடுக்கிறதில்லன்னு வெச்சுக்குறாரு. பழைய டவரும் அப்படித்தான். எட்டுப் பேருக்கு நேரத்தைத் துண்டு போட்டுக் குடுக்கும். துண்டு ரொம்பச் சின்னது. தூரத்துல இருக்கவங்க குரல் தாமதமா வந்து அடுத்தவங்க துண்டுல விழும். கிட்ட இருக்கவங்களா இருந்தா 'நீ இவ்வளவு முன்னாடியே பேசு'ன்னு டவர் சொல்லிக் குடுக்கும். ஆனா அந்த அளவுகோலே முப்பத்தஞ்சோட முடிஞ்சிடுது. அதுக்கு மேல சொல்லிக் குடுக்க அதுகிட்ட எண்ணே கிடையாது."

"புதுசு?"

"புதுசு, தாமதமா வர்றவங்களுக்குன்னே இடைவெளி விட்டு வெச்சுக் காத்திருக்கும். அளவுகோலும் நீளம். இங்க நூறு கிலோமீட்டர் வரைக்கும் அமைச்சிருக்கோம்."

டவரக்கா டீசல் கேனைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். பிறகு கேட்டாள். கேட்கும்போது குரல் ஒரு மாதிரி தணிந்திருந்தது.

"இது எப்பத்துல இருந்து மேடம்?"

"எது?"

"தூரத்துல இருந்து எடுக்காதது. அந்த ஆள் செத்தப்புறம் வந்ததா, முன்னாடியேவா?"

"என்னக்கா நீங்க! முதல் நாள்ல இருந்தே. இது கோளாறு இல்ல, அமைப்பே இப்படித்தான்."

முதல் நாளிலிருந்தே. அவள் டீசல் கேனின் மூடியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். பேய் வந்த பிறகு பாழான இடம் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். எட்டு வருடம் எல்லோரும் தலைகீழாகப் பிடித்திருந்த ஒரு பொருளை யாரோ ஒரு நிமிடத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டார்கள். அவன் அங்கே போன பிறகு அந்த இடம் ஊமையாகவில்லை. ஊமையான இடத்துக்குத்தான் அவன் போயிருந்தான்.

"கூப்பிட்டது யாருன்னு பெட்டிக்குத் தெரியுமா? எங்கயாவது இருக்குமா?"

"இருக்காதுக்கா. முதல்ல போன் வெறுமனே கதவைத் தட்டும். அதுல பேரும் இருக்காது, நம்பரும் இருக்காது. உள்ள விட்டதுக்கு அப்புறம்தான் யாருன்னு கேக்கும். உள்ள விடலன்னா, வெறும் தட்டுற சத்தம்தான்."

"தட்டுறது கேக்குமா?"

"கேக்கும். தூரத்தைப் பார்க்கும். எல்லைக்கு வெளிய இருந்தா விட்டுடும்."

கேட்கும். ஆனால் எடுக்காது. அவள் பழைய பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். எட்டு வருடம் அவள் காதை வைத்திருந்த தகரம் எண்ணெய்ப் பிசுக்கேறிப் பளபளத்தது.

"வேற வழியே இல்லாம இருந்துச்சா?"

இன்ஜினியர் கையுறையைக் கழற்றினாள். "இருந்துச்சு. ஒரு ஆளுக்கு ரெண்டு துண்டு நேரம் சேர்த்துக் குடுத்தா தூரத்துக் குரலும் உள்ள விழும். பழைய பெட்டியிலயே அதைச் செய்யலாம். கடலோர டவருக்குன்னே இருக்கிற வசதி. ஆனா எட்டுப் பேர் பேசுற இடத்துல நாலு பேர்தான் பேச முடியும். ஊருக்குள்ள பேசுறவங்களுக்கு இடம் குறையும்னு எங்க ஆளுங்க வேணாம்னுட்டாங்க."

துறைமுக வாசலில் அதே கம்பெனி வைத்த விளம்பரப் பலகை ஒன்று இருந்தது. அலைகளுக்கு நடுவே ஒரு மீனவன் போனைக் காதில் வைத்துச் சிரிக்கிற படம். 'கடலிலும் கைவிட மாட்டோம்' என்று கீழே எழுதியிருந்தது. எந்த எல்லையோடு கைவிடுவோம் என்பதைத் தெரிந்தவர்கள்தான் அந்தப் பலகையை எழுதினார்கள். அந்த எல்லையை இரண்டு சொல்லில் படகுக்காரர்களிடம் சொல்லியிருந்தால் போதும். மூன்று கோடு தெரிந்தாலும் திட்டு தாண்டினால் நம்பாதீர்கள் என்று. சொன்னால் விற்பனை குறையும். சொல்லாததால் குறைந்தது ஆள். பேய் பிறந்தது அந்த மௌனத்தில்தான். அதற்கு வேப்பிலை அடித்துப் பயனில்லை.

அன்று மாலை அவள் நெட்டையனின் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, நாளைக்குக் கடலுக்குப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ. திட்டு வரைக்கும்."

"எதுக்குத் தங்கச்சி? அங்க என்ன இருக்கு?"

"நீ பார்த்தியே, அந்த இடம்."

அவன் மறுத்தான். பெண்கள் படகில் ஏறினால் மீன் விழாது என்றான். "உன் மடி வலையில மீன் விழுந்து மூணு மாசம் ஆச்சு. நானா ஏறி உட்கார்ந்திருந்தேன்?" என்று கேட்டாள். அவனுடைய மனைவி உள்ளிருந்து சிரித்த சத்தம் கேட்டது. அதற்குமேல் அவனால் மறுக்க முடியவில்லை.

காலையில் இரண்டு போனை எடுத்துக்கொண்டாள். ஒன்று, டீசல் மீட்டரைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி ஒப்பந்தக்காரன் கொடுத்த புதுப் போன். மற்றது, அந்த நாளில் அவள் இடுப்பில் இருந்த பழைய பட்டன் போன். மீன் கூடத்தில் நாள் முழுக்க அலறாமல் இருந்த போன். அதற்கு உயிர் போகாமல் சார்ஜ் ஏற்றிப் பத்திரமாக வைத்திருந்தாள்.

வெயில் ஏறிய நேரத்தில் திட்டைத் தாண்டினார்கள். பாறைகள் தண்ணீருக்கு மேல் முதுகு காட்டிக் கிடந்தன. படகில் இருந்த ஆட்கள் ஒவ்வொருவராகப் போனை அணைத்தார்கள். நெட்டையனும் அணைக்கப் போனான்.

"அணைக்காத அண்ணே. இன்ஜினை நிறுத்து."

இன்ஜின் நின்றதும் கடல் பெரிதாகிவிட்டது. பலகையில் தண்ணீர் மோதும் சத்தம் தவிர வேறு எதுவும் இல்லை. ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தண்ணீரையே பார்த்தார்கள். அவள் பழைய போனை எடுத்தாள். மூன்று கோடு. வீட்டு எண்ணை அழுத்தினாள். மாமியாருக்கு இப்போது ஒரு போன் உண்டு.

'அழைக்கிறது' என்று வந்தது. மணி அடிக்கவில்லை. பிஸி என்றும் சொல்லவில்லை. இருட்டு அறைக்குள் காதை நீட்டியதுபோல ஓர் அமைதி. கொஞ்ச நேரத்தில் எழுத்து மறைந்து பழைய திரை வந்தது. கோடு மூன்றும் அப்படியே நின்றன, ஒன்றுமே நடக்காததுபோல.

மறுபடி அழுத்தினாள். இந்தப் பக்கம் திரும்பினால் கிடைக்குமோ என்று திரும்பினாள். உயரத்தில் கிடைக்குமோ என்று இன்ஜின் கூட்டின் மேல் ஏறினாள். அவளுக்குத் தெரியும், கிடைக்காது. இன்ஜினியர் சொல்லியிருந்தாள். ஆனாலும் கை, கால், வாய் மூன்றும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. "ஹலோ… ஹலோ…" என்றாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு இன்னும் கொஞ்சம் சத்தமாக, "ஹலோ!" என்றாள். படகு சாய்ந்தது. விழாமல் இருக்க மற்றொரு கையை மேலே தூக்கி வீசினாள்.

"அப்படியே நில்லு" என்றான் நெட்டையன்.

அவன் குரலைக் கேட்டு எல்லோரும் திரும்பினார்கள். அவன் சுக்கானைப் பிடித்தபடி எழுந்து நின்றிருந்தான்.

"இப்படித்தான் நின்னான்."

தூக்கிய கையை அவள் இறக்கவில்லை.

"இப்படித்தான்… போனைக் காதுல வெச்சுக்கிட்டு… வாய் அசைஞ்சுது, பேசுறான்னு நினைச்சேன். கையைத் தூக்கி ஆட்டினான்." அவன் தன் வலது கையைத் தூக்கினான். அந்தக் கை என்ன செய்தது என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்ததுபோல அதையே பார்த்தான். "நானும் ஆட்டிட்டுப் போயிட்டேன் தங்கச்சி. என்னைத்தான் கூப்பிட்டிருக்கான். நான் டாட்டா காட்டிட்டுப் போயிட்டேன்."

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். 'பரவாயில்லை அண்ணே' என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பரவாயில்லாத ஒன்றைப் பரவாயில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கூட்டின் மேலிருந்து இறங்கி, புதுப் போனை எடுத்து, அதே எண்ணை அழுத்தினாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"யாரு?"

"நான்தான் அத்தை."

"எங்கிருந்துடி கத்துற? காத்துச் சத்தமா இருக்கு."

"திட்டுக்கு அந்தாண்ட இருந்து."

"அங்கிருந்து பேச முடியாதே."

"இப்ப முடியுது அத்தை. அப்ப முடியாது. டவர் வந்த நாள்ல இருந்தே முடியாதாம்."

படகில் இருந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். போனில் குரல் தெளிவாக, பக்கத்துத் திண்ணையிலிருந்து பேசுவதுபோலக் கேட்டது. அந்தத் தெளிவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"அப்ப அவன் யார்கிட்ட பேசிட்டிருந்தான்?"

"யார்கிட்டயும் பேசல."

மாமியார் அழவில்லை. "அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கரைக்கு வந்ததும் நெட்டையன் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுப் பக்கம் நடந்தான். அவள் குறுக்கே போய் நின்றாள்.

"வீட்டுக்கு அப்புறம் போ. முதல்ல ஐஸ் கொட்டகைக்கு வா."

"எதுக்கு?"

"அன்னிக்கு எங்க நின்னு சொன்னியோ அங்க நின்னு இன்னிக்கும் சொல்லு. பார்த்ததை மட்டும் சொல்லு. கூடக் குறையச் சொல்லாத."

கொட்டகையில் ஆள் நிறைந்திருந்தது. நெட்டையன் சொன்னான். சொல்லும்போது கையைத் தூக்கிக் காட்டவும் செய்தான். ஐஸ் இயந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள். அவன் முடித்ததும் ஒரு பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன், சுருட்டை அப்படிப்பட்ட ஆள் இல்லன்னு" என்றார். அக்கரைப் பெண்ணுக்கு நிறமும் வீடும் கொடுத்து வளர்த்ததில் பாதிப் பங்கு அவருடையது. இன்னொருவன் பின்னாலிருந்து, "அப்ப பேயும் புது நெட்வொர்க்குக்கு மாறிடுச்சா?" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. மீன் கூடத்தில் அவளோடு வேலை பார்த்த ஒருத்தி மட்டும் கிட்டே வந்து மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப உன்னைத்தான் கூப்பிட்டிருக்காரா?"

"தெரியாது" என்றாள் அவள்.

அவள் கணவன் போன் பேசவில்லை, உதவிக்குக் கூப்பிட்டான் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. யாருடைய எண்ணை அழுத்தினான் என்பதற்குச் சாட்சி இல்லை. வெறும் தட்டுற சத்தத்துக்குப் பேர் கிடையாது. அவளுக்கு வேண்டிய ஒரே விடையை மட்டும் கடல் வைத்துக்கொண்டது. ஆறுதலுக்காக அவள் அதைக் கற்பனையில் எழுதி நிரப்பிக்கொள்ளவில்லை. கற்பனையில் நிரப்பியவர்கள் செய்துவைத்த வேலையோடு எட்டு வருடம் வாழ்ந்தவள் அவள்.

வீட்டில் பால் பொங்கி வழிந்து, காய்ந்து, பாத்திரம் கருகிக் கிடந்தது. மாமியார் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் வந்து எதிரே உட்கார்ந்தாள். சாம்பல் நாறியது. வெகு நேரம் தேங்காய் நார் உரசும் சத்தம் மட்டும்.

"அப்ப அவன் வரமாட்டான்" என்றாள் மாமியார். கேள்வி மாதிரி இல்லை.

"வரமாட்டாரு அத்தை."

"அந்தப் பொண்ணும் இல்ல."

"இல்ல."

மாமியார் பாத்திரத்தைத் திருப்பிப் போட்டு அடியைத் தேய்த்தாள். இதுவரை யாரிடமும் சொல்லாததை மருமகள் அப்போது சொன்னாள். அன்று காலை வாசலில் தான் சொன்னதை. போன் பண்ணவே பண்ணாதே என்றதை. நேரில் வந்து சொல்லு என்றதை. மூன்று கோடு இருந்தும் அவன் தன்னைக் கூப்பிடாமல் வேறு யாருடைய எண்ணையாவது அழுத்தியிருக்கலாம், தன்னை மட்டும் தள்ளி வைத்திருக்கலாம் என்பதை.

மாமியார் நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது. குரல் எப்போதும்போல எரிந்து விழுந்தது.

"ஏண்டி, நீ சொன்னதை என்னைக்காவது கேட்டிருக்கானா அவன்?"

மாமியார் தேங்காய் நாரைக் கீழே போட்டாள்.

"கதவைப் பூட்டுன்னா பூட்டுவானா? குளிக்கப் போன்னா போவானா? ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கூப்பிடுறவன், நீ வேணாம்னா பதினோராவது தடவை கூப்பிடுவான். நீ சொன்னியாம், அவன் கேட்டானாம். பெரிய இவ!"

சொல்லிவிட்டுப் பாத்திரத்தை அவள் பக்கம் தள்ளினாள். "உனக்குக் கையில பலம் இருக்குல்ல, தேய்."

அவள் தேய்த்தாள். தேய்க்கும்போது, எட்டு வருடத்தில் முதல் முறையாக, ஓரத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அந்த இடம் காலியாக இருந்தது. அது நிம்மதியாக இல்லை. ஒரு பெண்ணை அடக்கம் செய்துவிட்டு வந்து, அவளோடு தங்கள் ஆளையும் அடக்கம் செய்துவிட்டது பிறகு தெரிந்ததுபோல இருந்தது.

மறுநாள் குன்றுக்குப் போனாள். புதுப் பெட்டி சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பழையதை அடுத்த வாரம்தான் நிறுத்துவார்களாம். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிவிட்டு வழக்கம்போலப் பழைய பெட்டியின் பக்கம் வந்தாள். காதை வைக்கவில்லை. தகரத்தின் பிசுக்கைப் புடவைத் தலைப்பால் துடைக்கப் போனவள், கையை எடுத்துக்கொண்டாள்.

பெட்டியின் முகப்பில் ஒரு பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. கடலில் எங்கோ பழைய போனோடு யாராவது திட்டுக்கு அப்பால் இருந்தால், அவர்கள் தட்டுவதை அது இன்றைக்கும் கேட்கும். தூரத்தை அளக்கும். விட்டுவிடும்.

வேலிக் கதவைப் பூட்டுவதற்கு முன் பேனாக் கத்தியால் ஓர் அட்டையில் பெரிதாகக் கீறி எழுதி, மை பூசி, துறைமுகத்துக்கு எடுத்துப் போனாள். கம்பெனியின் விளம்பரப் பலகைக்கு நேர் கீழே, அந்தச் சிரிக்கிற மீனவனின் கால்மாட்டில், கம்பியால் இறுக்கிக் கட்டினாள்.

'பழைய போன் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: திட்டு தாண்டினால் கோடு காட்டும். டவர் எடுக்காது. நம்பாதீர்கள்.'

அதைச் செய்யும் அதிகாரம் உனக்கு யார் கொடுத்தது என்று ஒப்பந்தக்காரன் மறுநாள் போனில் கத்தினான். அவள் முழுசாகக் கேட்டாள். பிறகு எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டு, ஆடுகளை விரட்டப் போனாள்.